பதினொரு கலங்கள்

கடல் கடந்து சென்று புது நிலத்தில் குடியேறுதல் மனித குலத்திற்குப் புதிதன்று. பொருள் ஈட்டும் வேட்கையால் சென்றோர் உண்டு. தம் சமயத்தை அச்சமின்றிப் போற்ற இடம் தேடிச் சென்றோர் உண்டு. பஞ்சத்திற்கு அஞ்சிச் சென்றோரும் உண்டு. ஆயின், தம் விருப்பம் சிறிதும் இன்றி, காலில் விலங்கு பூட்டப்பெற்று, உலகின் மறுகோடிக்கு ஏற்றிச் செல்லப்பெற்ற மக்களைக் கொண்டு ஒரு பெருநகருக்குக் கால்கோள் செய்யப்பட்டது என்றால் வியப்பன்றோ! ஆஸ்திரேலியாவின் கீழைக் கரையில் உள்ள சிட்னி மாநகரம் அவ்வாறு தோன்றியதே. அம்மக்களைச் சுமந்து சென்ற பதினொரு கலங்களின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவற்றின் பின்னே அதே கடல்வழியிற் சென்ற வேறு சில கலங்களின் வரலாற்றையும் உடன்வைத்துக் காணுதல் வேண்டும். ஒன்றை அறியாமல் மற்றொன்றின் பெருமையும் சிறுமையும் விளங்கா.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தண்டனைச் சட்டங்கள் மிகக் கடுமையாக இருந்தன. கடையொன்றில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடியவனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடந்தந்தது. தூக்குக் கயிற்றினின்று தப்பியோரை நாடு கடத்துதல் வழக்கம். பல்லாண்டுக் காலம் அவர்களை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பி, அங்குள்ள பண்ணையாளர்களிடம் உழைக்கச் செய்தனர். 1775ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. பாய்மரம் இழந்த பழங்கப்பல்களைத் தேம்சு ஆற்றில் நிறுத்தி, அவற்றையே சிறைகளாக்கினர். அவையும் நிரம்பின. நாகரிகத்தில் முன்னேறியதாகப் பெருமை கொண்ட ஒரு நாடு, தன் ஏழைகளை எங்கே கொட்டுவது என்று இடம் தேடி நின்றது.

அந்நிலையில் 1770ஆம் ஆண்டில் மாலுமி ஜேம்ஸ் குக் கண்டுவந்த ஒரு விரிகுடா நினைவுக்கு வந்தது. அவருடன் சென்ற ஜோசப் பேங்க்ஸ் என்னும் செல்வர் அங்கே புதுவகைச் செடிகொடிகளை மிகுதியாகத் திரட்டியமையால், அவ்விடத்திற்குத் தாவர விரிகுடா எனப் பொருள்படும் 'பாட்டனி பே' என்னும் பெயர் வழங்கலாயிற்று. அது குடியேற்றத்திற்கு ஏற்ற இடம் என்று பேங்க்ஸ் 1779ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். குக்கின் கப்பல் அங்கே நின்றதோ எட்டே நாள்கள். எட்டு நாள் கண்ட நிலத்தை நம்பி, இடையே யாரையும் அனுப்பி ஆராயாமல், 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு குடியேற்றம் அமைக்க ஆங்கில அரசு முடிவு செய்தது. இதனைத் துணிவு என்பதா, பொறுப்பின்மை என்பதா? இரண்டும் கலந்தது என்றே கூறுதல் பொருந்தும்.

இப்பணிக்குத் தலைவராக ஆர்தர் பிலிப் என்னும் கடற்படை அதிகாரி அமர்த்தப்பெற்றார். அவர் பெரும்புகழ் பெற்றவர் அல்லர், ஐம்பது வயதை நெருங்கியவர், மெலிந்த உடலினர். ஆனால் சிறு செயலையும் எண்ணிச் செய்யும் இயல்பினர். அவர் தலைமையிற் சென்ற கலங்கள் பதினொன்று. சிரியஸ், சப்ளை என்னும் இரண்டும் அரசின் கடற்படையைச் சேர்ந்தவை. அலெக்சாண்டர், ஸ்கார்பரோ, சார்லட், பிரெண்ட்ஷிப், லேடி பென்ரின், பிரின்ஸ் ஆப் வேல்ஸ் என்னும் ஆறும் கைதிகளை ஏற்றிச் சென்றவை. பாரோடேல், பிஷ்பர்ன், கோல்டன் குரோவ் என்னும் மூன்றும் உணவும் கருவிகளும் கொண்ட பண்டக் கலங்கள். சரக்கு ஏற்றுதற்கென்று கட்டப்பெற்ற இவ்வொன்பது தனியார் கப்பல்களையும் அரசு வாடகைக்கு அமர்த்திக்கொண்டது. கப்பலின் கொள்ளளவைக் கணக்கிட்டுத் திங்கள்தோறும் வாடகை தருவதென்பது ஏற்பாடு. இந்த வாடகை முறையை மாணவர் நினைவிற் கொள்க. பின்னர் இதற்குப் பயன் உண்டு.

'கப்பற்படை' என்னும் சொல்லைக் கேட்டதும் மாபெரும் கலங்கள் நம் மனக்கண்முன் தோன்றலாம். உண்மை அதுவன்று. கைதிக் கலங்களுள் மிகப் பெரியதாகிய அலெக்சாண்டர் 114 அடி நீளமும் 31 அடி அகலமுமே உடையது. அச்சிறு கூட்டிற்குள் ஏறத்தாழ இருநூறு ஆண் கைதிகள் அடைக்கப்பெற்றனர். அவர்களைக் காக்கும் வீரர்களும், கலஞ்செலுத்தும் மாலுமிகளும் வேறு. மேல்தளத்திற்குக் கீழே, சரக்கறைக்கு மேலே இருந்த இடைத்தளமே கைதிகளின் இருப்பிடம். அங்கே உயர்ந்த மனிதன் நிமிர்ந்து நிற்க இயலாது. பலகணி இல்லை. தீப்பற்றும் என்னும் அச்சத்தால் விளக்கு வைத்துக்கொள்ளவும் இசைவில்லை. மேலே செல்லும் வாயில்களைக் குறுக்குச் சட்டங்களால் அடைத்துப் பூட்டினர். தளத்தின் குறுக்கே ஆணிகள் நெருங்கப் பதித்த தடித்த மரச்சுவர் ஒன்று எழுப்பப்பெற்றிருந்தது. கலகம் எழுந்தால் துப்பாக்கியால் சுடுதற்கு அச்சுவரில் துளைகளும் இருந்தன. கடல் கொந்தளிக்கும் நாள்களில் வாயில்கள் முற்றும் மூடப்பெறும். அப்போது அங்கிருந்தோர்க்கு இரவும் பகலும் ஒன்றே.

அவ்விருளில் இருந்தோர் யாவர்? கொடுங்கொலைஞர் என்று எண்ணிவிடல் வேண்டா. அவர்களுட் பெரும்பாலோர் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர். துணியும் உணவும் சிறுபொருள்களும் கவர்ந்தோர் அவர்களுட் பலர். ஜான் ஹட்சன் என்னும் சிறுவனைப் பற்றிய நீதிமன்றக் குறிப்பு இன்றும் உளது. அவன் புகைபோக்கிகளைத் துடைத்து வயிறு வளர்த்தவன், பெற்றோரை இழந்தவன். ஒரு வீட்டில் புகுந்து துணிகளையும் கைத்துப்பாக்கி ஒன்றையும் திருடியதற்காக ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றான். அப்போது அவனுக்கு வயது ஒன்பது. கலம் ஏறியபோது பதின்மூன்று. இதனைப் படிக்கும் மாணவரினும் அவன் இளையவனாக இருந்திருக்கலாம்.

புறப்படுமுன்பே கலங்களில் நோய் தோன்றிவிட்டது. அலெக்சாண்டரில் காய்ச்சலால் பலர் மாண்டனர். பிலிப் வாளா இருந்தாரல்லர். அரசாங்கத்திற்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கைதிகளை அழுக்கோடும் ஆடையின்மையோடும் அனுப்பிவைத்த சிறையதிகாரிகளைக் குறைகூறினார். துறைமுகத்தில் நிற்கும் காலத்திலேனும் உப்பிட்ட இறைச்சியை விடுத்துப் புத்திறைச்சியும் காய்கறியும் தரவேண்டும் என்று வற்புறுத்திப் பெற்றார். பலநாள் அடைபட்டுக் கிடந்த அலெக்சாண்டரைக் காலிசெய்து தூய்மைப்படுத்தச் செய்தார். அவர் கேட்டவை எல்லாம் கிடைத்துவிடவில்லை. பெண்களுக்குரிய ஆடைகளிற் பெரும்பகுதியும், வீரர்களின் துப்பாக்கிகளுக்கு வேண்டிய குண்டுகளும் ஏற்றப்பெறாமலே கலங்கள் புறப்பட நேர்ந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளைப் படைக்கருவிகளின் அச்சத்தால் அடக்கிச் செல்ல வேண்டிய வீரர்களிடம் போதிய குண்டு இல்லை! இச்செய்தி கைதிகளின் செவிக்கு எட்டாதவாறு காக்கப்பெற்றது. பிரேசில் நாட்டுத் துறைமுகத்தை அடைந்தபின் பதினாயிரம் குண்டுகள் வாங்கப்பெற்றன.

1787ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் விடியற்காலையில் போர்ட்ஸ்மவுத் துறையிலிருந்து பதினொரு கலங்களும் பாய் விரித்தன. கைதிகள், வீரர்கள், மாலுமிகள், அவர்தம் மனைவி மக்கள் எல்லாரும் சேர்ந்து ஆயிரத்து நானூற்றுவர்க்கு மேற்பட்டோர் அவற்றில் இருந்தனர். கரை மறைந்தபின், பெரும்பாலான கைதிகளின் விலங்குகளை நீக்கிவிடுமாறு பிலிப் ஆணையிட்டார். நடுக்கடலில் அவர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள்? ஆயினும் இவ்வெளிய உண்மையை உணர்ந்து நடந்த தலைவர்கள் அக்காலத்தில் அரியர்.

டெனரீப் தீவில் நீரும் உணவும் பெற்றுக்கொண்டு கலங்கள் தென்மேற்கே திரும்பின. நடுக்கோட்டை நெருங்கியபோது வெப்பமும் மழையும் மிகுந்தன. கப்பலின் அடிவயிற்றில் கசிந்து தேங்கும் நீர் அழுகிப் போகும் இயல்புடையது. அலெக்சாண்டரில் அந்நீர் அளவுக்கு மிஞ்சித் தேங்கிற்று. அதினின்று எழுந்த நச்சாவியால் அறையின் மரப்பலகைகளும் அதிகாரிகளின் சட்டைப் பொத்தான்களுங்கூடக் கருத்துப்போயின என்றும், வாயிற்கதவைத் திறந்தபோது அதன் அருகே நிற்கவும் இயலவில்லை என்றும் தலைமை மருத்துவர் ஜான் ஒயிட் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பொத்தானையே கருக்கிய ஆவியை நாள்முழுதும் உட்கொண்டவர் நிலை எவ்வாறிருந்திருக்கும்! மருத்துவர் உடனே பிலிப்பிடம் முறையிட்டார். அந்நீரை இடையறாது இறைத்து வெளியேற்றி, நல்ல நீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும் என்னும் கட்டளை அக்கணமே பிறந்தது. நோயும் தணிந்தது. தலைமை மருத்துவர் கூறியதைத் தலைவர் கேட்டார் என்பதே இங்கு நாம் கருதத் தக்கது.

ஆகஸ்டுத் திங்களில் ரியோ டி ஜெனிரோவை அடைந்தனர். பிலிப் முன்னொரு காலத்தில் போர்ச்சுக்கீசியக் கடற்படையில் பணியாற்றியவர். ஆதலின் அவ்வூர் ஆட்சியாளர் அவரை அன்போடு வரவேற்றனர். அங்கே ஒரு திங்கள் தங்கினர். ஆரஞ்சுப் பழம் அவ்வூரில் மலிவு. கைதிகளுக்கும் அது தாராளமாக வழங்கப்பெற்றது. நெடுங்கடற் பயணங்களில் காய்கனி இன்மையால் ஸ்கர்வி என்னும் நோய் தோன்றும். ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். பழைய புண்கள் மீண்டும் திறக்கும். இறுதியில் உயிர் போகும். வைட்டமின் 'சி' என்னும் பெயரை அக்காலத்தார் அறியார். ஆயினும் பழத்தின் பயனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். பிலிப் அதனை ஏட்டளவில் நிறுத்தாது செயலாக்கினார். புது நாட்டில் பயிரிடுதற்காகக் காப்பி, பருத்தி, வாழை, ஆரஞ்சு, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றோடு நம் வீட்டுச் சமையலறைக்கு உரிய புளியும் அங்கே ஏற்றப்பெற்றது.

அடுத்து ஆப்பிரிக்காவின் தென்முனையில் உள்ள நன்னம்பிக்கை முனை. டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த அத்துறையே அவர்கள் காணவிருந்த இறுதி ஊர். அதற்கு அப்பால் கடலன்றி வேறில்லை. மாடு, குதிரை, ஆடு, பன்றி, கோழி முதலாக ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை அங்கே விலைக்கு வாங்கினர். இவற்றை எங்கே வைப்பது? பிரெண்ட்ஷிப் கலத்திலிருந்த பெண் கைதிகளை வேறு கலங்களுக்கு மாற்றிவிட்டு, அவர்கள் இருந்த இடத்தில் ஆடுகளை ஏற்றினர். அப்பெண்களைவிட ஆடுகளே நல்ல துணை என்னும் கருத்தைக் கிளார்க் என்னும் வீரத்தலைவர் தம் நாட்குறிப்பில் எழுதி மகிழ்ந்தார். அவர் நாட்குறிப்பு இன்றும் அச்சில் உளது. பெண்களின் கருத்தைக் கேட்டு எழுதிவைத்தவர் எவரும் இலர்.

தென்கடலின் கடுங்காற்றில் கலங்கள் கிழக்கு நோக்கி விரைந்தன. திசையறியாப் பெருங்கடலில் கலம் இருக்கும் இடத்தைக் கணித்தறிய, பிலிப்பிடம் ஒரு பெருங்கடிகாரம் இருந்தது. ஜான் ஹாரிசன் என்னும் கைவினைஞர் ஆக்கிய புகழ்பெற்ற கடிகாரத்தைப் பார்த்துக் கெண்டால் என்பவர் செய்த படி அது. குக்கும் தம் பயணங்களில் அதனையே கொண்டு சென்றிருந்தார். நாள்தோறும் நண்பகலில் அதற்குச் சாவி கொடுத்தல் ஒரு சடங்குபோல் நடைபெற்றது. முன்னே சென்று இடம் பார்த்துக் குடிசைகள் அமைத்து வைக்கலாம் என்று கருதிய பிலிப், சிறிய சப்ளைக் கலத்திற்கு மாறி, விரைந்து செல்லும் மூன்று கைதிக் கலங்களையும் உடன் அழைத்துக்கொண்டு முன்னேறினார். 1788ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் சப்ளை பாட்டனி விரிகுடாவை அடைந்தது. அம்மூன்று கலங்களும் மறுநாள் வந்தன. பின்தங்கியவை என்று கருதப்பெற்ற எஞ்சிய ஏழும் 20ஆம் நாளே வந்து நின்றன! முன்னே வந்ததால் பெற்ற பயன் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கலமும் வழிதவறவில்லை, ஒரு கலமும் மூழ்கவில்லை. பதினையாயிரம் மைலுக்கு மேற்பட்ட வழியை 252 நாள்களிற் கடந்திருந்தனர். வழியில் இறந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மர். இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் கலங்களிலேயே பிறந்தன.

வந்து பார்த்தால், சாட்சியத்திற் கேட்ட பசும்புல் வெளியைக் காணோம். குக் வந்தது மழை பெய்து ஓய்ந்த இலையுதிர் காலம். இவர்கள் வந்ததோ முதுவேனில். நிலம் மணலும் சதுப்புமாக இருந்தது, நன்னீர் குறைவு, விரிகுடாவோ ஆழமற்றது, காற்றுக்கு மறைவற்றது. பிலிப் மூன்று படகுகளில் வடக்கே சென்று, குக் உள்ளே புகாமல் பெயர் மட்டும் இட்டுச் சென்ற 'போர்ட் ஜாக்சன்' என்னும் நுழைவாயிலினுட் புகுந்தார். உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அங்கே அமைதியாக விரிந்து கிடந்தது. நன்னீர் ஓடை ஒன்று பாயும் சிறு வளைவினைத் தேர்ந்து, அப்போதைய அமைச்சர் சிட்னி பிரபுவின் பெயரை அதற்கு இட்டார். சனவரி 26ஆம் நாள் அங்கே கொடி ஏற்றப்பெற்றது.

அந்நிலம் ஆளற்ற நிலமன்று. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அக்கண்டத்தில் மனிதர் வாழ்ந்து வந்தனர். துறைமுகத்தின் தென்கரை கடிகல் குலத்தாருக்கு உரியது. பெருமரக் கலங்கள் உள்ளே புகக் கண்ட மக்கள் கரையில் நின்று ஈட்டிகளை அசைத்து, 'வாரா, வாரா' என்று கூவினர். 'போய்விடுங்கள்' என்பதே அதன் பொருள். நம் மொழியிலும் 'வாரா' என்பது எதிர்மறைச் சொல்லே, ஒலியொற்றுமை தற்செயலானது. வந்தவர் போகவில்லை. அம்மக்களோடு இணக்கமாக வாழ வேண்டும் என்பது பிலிப்பிற்கு அரசு இட்ட கட்டளை. அவரும் தம் அளவில் அவ்வாறே விரும்பினார். ஆனால், அவர்கள் மீன்பிடித்த நீரில் வலை வீசி, அவர்கள் வேட்டையாடிய காட்டை வெட்டி வீழ்த்திக்கொண்டே இணக்கம் நாடுவது எங்ஙனம்? 1789ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அம்மக்களிடையே பெரியம்மை பரவிற்று. குடாக்களிலும் பாறைக் குகைகளிலும் பிணங்கள் கிடந்தன. சிட்னியைச் சூழ்ந்து வாழ்ந்தோரிற் பாதிப்பேர் அழிந்தனர் என்பர். கடிகல் குலத்தில் மூவரே எஞ்சினர் என்று டேவிட் காலின்ஸ் என்னும் அதிகாரி எழுதினார். அம்மக்களின் வழித்தோன்றல்கள் சனவரி 26ஆம் நாளை விழா நாளாகக் கொள்வதில்லை; 1938ஆம் ஆண்டில், குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டு கொண்டாடப்பட்ட அதே நாளில், அவர்கள் சிட்னியில் கூடித் துக்க நாள் என்று அறிவித்தனர்.

குடியேறியோர் நிலையும் நன்றாக இல்லை. உழவறிந்தோர் மிகச் சிலர். கோடரிகள் கடினமான அந்நாட்டு மரங்களில் மழுங்கின. விதைத்த கோதுமை முளைக்கவில்லை. உணவு பெற்றுவர சிரியஸ் கலம் உலகைச் சுற்றி நன்னம்பிக்கை முனைக்குச் சென்று 1789ஆம் ஆண்டு மே மாதத்தில் மாவுடன் மீண்டது. இங்கிலாந்திலிருந்து பண்டங்களுடன் புறப்பட்ட கார்டியன் என்னும் கலம் அதே ஆண்டு டிசம்பரில் நடுக்கடலில் பனிப்பாறை மேல் மோதிற்று. 1790ஆம் ஆண்டு மார்ச்சில் சிரியஸே நார்போக் தீவின் பவளப்பாறையில் சிக்கி உடைந்தது. எஞ்சியது சிறிய சப்ளை ஒன்றே. உணவுப் பங்கு மேலும் குறைக்கப்பெற்றது. ஆளுநர் பிலிப் தமக்கென வைத்திருந்த மாவைப் பொதுப் பண்டகத்திற் சேர்ப்பித்துவிட்டு, கைதி பெறும் அதே பங்கைத் தாமும் பெற்றார். அவர் இல்லத்திற்கு விருந்துண்ண வருவோர் தம் ரொட்டியைத் தாமே கொண்டுவர வேண்டியிருந்தது. துறைமுக வாயிலில் உள்ள குன்றின்மேல் காவலர் நின்று, பாய்மரம் ஏதும் தென்படுமா என்று நாள்தோறும் கடலைப் பார்த்திருந்தனர்.

கலங்கள் வந்தன. ஜூன் திங்களின் இறுதியில் சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ, நெப்டியூன் என்னும் மூன்று கைதிக் கலங்கள் துறைக்குள் நுழைந்தன. ஸ்கார்பரோ, முதற்பயணத்தில் பழுதின்றி வந்த அதே கலந்தான். ஆனால், இம்முறை கண்ட காட்சி வேறு. வாயில்களைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தால் குடியேற்றத்தின் மதகுரு ஒரு கலத்தின் கீழ்த்தளத்திற்குள் செல்லவும் இயலாது திரும்பினார். நடக்க மாட்டாத மனிதர்களை மிடாக்களை இறக்குவதுபோல் கயிற்றிற் கட்டி இறக்கினர். மேல்தளத்தின் நற்காற்றுப் பட்டதுமே மயங்கி வீழ்ந்து இறந்தோர் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் ஏற்றப்பெற்ற அம்மூன்று கலங்களில் இருநூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் வழியிலேயே மாண்டிருந்தனர். அதாவது நால்வரில் ஒருவர். இறங்கியோரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் நோயாளிகள்.

அதே கடல்; ஏறத்தாழ அதே வழி; அவற்றுள் ஒன்று அதே கலம். பயண நாள்களோ முன்னையினும் குறைவு. பின் ஏன் இக்கொடுமை? மாணவர் நினைவிற் கொள்ளுமாறு கூறிய வாடகை முறையை இப்போது நோக்குக. இம்முறை ஒப்பந்தம் பெற்றவர் கேம்டன், கால்வெர்ட், கிங் என்னும் நிறுவனத்தார். ஆப்பிரிக்க அடிமை வாணிகத்திற்குக் கலம் அனுப்பிப் பழகியவர். அவர்களுக்கு ஒரு கைதிக்கு 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்சு என்று விலை பேசப்பெற்றது. அது கலத்தில் ஏற்றப்பட்ட கைதிக்குரிய விலை. கரையில் இறக்கப்பட்ட கைதிக்குரியதன்று. ஏறியவன் எவ்வளவு விரைவில் இறக்கின்றானோ, அவ்வளவுக்கு அவன் உணவு மிச்சம். மிஞ்சிய உணவைச் சிட்னியில் பசித்திருந்தோர்க்கு நல்ல விலைக்கு விற்கலாம், விற்கவும் செய்தனர். அடிமைகளுக்குப் பூட்டும் குறுங்கட்டையான இரும்புத் தளைகளையே கைதிகளுக்கும் பூட்டினர். அருகில் கிடந்தவன் இறந்ததைக் கூறாது மறைத்து, அவன் பங்கு உணவையும் சில நாள் பெற்று உயிர் காத்தவரும் உண்டு. நெப்டியூன் கலத்தின் மீகாமனும் அவர் துணையதிகாரியும் 1792ஆம் ஆண்டில் இலண்டனில் கொலைக் குற்றம் சாட்டப்பெற்று விசாரிக்கப்பெற்றனர். குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் பெற்றனர்.

முதற்கலங்கள் பிற்காலத்தில் எத்துறைகளுக்கோ சென்றன. ஸ்கார்பரோவும் சார்லட்டும் 1788ஆம் ஆண்டில் தேயிலை ஏற்றச் சீனம் செல்லும் வழியில் கடந்த தீவுகள், அவற்றின் மீகாமன்களாகிய மார்ஷல், கில்பர்ட் ஆகியோரின் பெயரால் இன்றும் வழங்குகின்றன. பிரெண்ட்ஷிப்பின் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் பாய் இழுக்கவும் வலிமை இழந்தமையால், அக்கலத்தைத் தாமே கடலில் மூழ்கடித்துவிட்டு அலெக்சாண்டரில் ஏறி ஊர் திரும்பினர். பசித்த குடியேற்றத்திற்கு உணவு தேட அனுப்பப்பெற்ற அட்லாண்டிக் என்னும் மற்றொரு கலம், கல்கத்தா சென்று, 1792ஆம் ஆண்டு ஜூனில் அரிசியும் பருப்பும் ஏற்றிச் சிட்னி திரும்பிற்று. அதே கலத்தில் அவ்வாண்டு டிசம்பரில் பிலிப் தாயகம் மீண்டார். பென்னலாங், எம்மரவானி என்னும் ஈயோரா இளைஞர் இருவர் உடன் சென்றனர். எம்மரவானி இங்கிலாந்திலேயே நோயுற்று இறந்தார். பென்னலாங் மட்டும் 1795ஆம் ஆண்டில் தம் நாடு திரும்பினார்.

இரண்டாம் படையின் கொடுமையை அறிந்தபின், உயிரோடு கரைசேர்க்கும் கைதிக்கெனத் தனித்தொகை தரும் முறை ஒப்பந்தங்களிற் புகுத்தப்பெற்றது. அதுவும் முழுப்பயன் தரவில்லை. 1799ஆம் ஆண்டில் வந்த ஹில்ஸ்பரோ கலத்தில் முந்நூற்றுவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நச்சுக் காய்ச்சலால் மாண்டனர். கலத்தில் மருத்துவர் இருந்தார். ஆனால் மருத்துவர் மீகாமனுக்குக் கட்டுப்பட்டவர். காற்றோட்டம் வேண்டும், கைதிகளை மேல்தளத்திற்கு விட வேண்டும் என்று அவர் சொன்னால், மீகாமன் இசைந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

1814ஆம் ஆண்டில் மீண்டும் மூன்று கலங்கள் நோயோடு வந்தன. அவற்றுள் ஒன்றாகிய சர்ரியில் மீகாமனும் துணையதிகாரிகளும் நோய்வாய்ப்பட்டு மடிய, வேறொரு கலத்து மாலுமி ஒருவர் துணிந்து ஏறி அதனைத் துறை சேர்த்தார். காரணத்தை ஆராயுமாறு ஆளுநர் மக்குவாரி, வில்லியம் ரெட்பர்ன் என்னும் மருத்துவரைப் பணித்தார். ரெட்பர்ன் யார்? கடற்படை மாலுமிகள் 1797ஆம் ஆண்டில் செய்த கிளர்ச்சியிற் சேர்ந்தமைக்காகத் தண்டிக்கப்பெற்று, தாமும் ஒரு கைதியாகவே 1801ஆம் ஆண்டில் கலமேறி அந்நாட்டிற்கு வந்தவர்! கைதிகளின் இடைத்தளத்தை ஏட்டில் மட்டும் அறிந்தவர் அல்லர். தளங்களைத் தூய்மையாக வைத்தல், காற்றை உட்புகவிடல், நாள்தோறும் கைதிகளை வெயிலிற் கொணர்தல், எலுமிச்சைச் சாறு வழங்கல், போதிய உடையளித்தல் ஆகியவற்றை வகுத்துரைத்த அவர், எல்லாவற்றினும் மேலாக ஒன்றை வற்புறுத்தினார். ஒவ்வொரு கலத்திலும் அரசின் கடற்படை மருத்துவர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் மீகாமனின் ஊழியராக அன்றி, அவர்க்குக் கட்டுப்படாத அதிகாரம் உடையவராக இருத்தல் வேண்டும்.

1815ஆம் ஆண்டு முதல் அவ்வாறே மருத்துவர்கள் அமர்த்தப்பெற்றனர். அதன்பின் அரை நூற்றாண்டு அக்கடல்வழியிற் கைதிக் கலங்கள் சென்றுகொண்டிருந்தன. வழியில் மாண்டோர் தொகை நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிற்கு இறங்கிற்று. இறுதிக் கலமாகிய ஹூகுமான் 1868ஆம் ஆண்டு சனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறையை அடைந்தது.